வாய்தா தேதியையாவது சொல்லுங்கள்: நீலகிரி வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று இந்த மலையில் எந்தக் கோர்ட்டில் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்தினாலும், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் அம்மாவின் வழக்கு உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இது எங்கள் இருவரின் சண்டையாகிவிடும், மற்றவர்கள் படித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள்.

அம்மா கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளின் தோட்டங்களில் கூலிக்குத் தேயிலை பறிப்பவர். கட்டபெட்டு ரோட்டோரம் இலை மூட்டையோடு வண்டிக்குக் காத்து நின்றவர் மேல், வளைவில் முந்தப் பார்த்த கார் ஒன்று மோதியது. வலது மணிக்கட்டு நொறுங்கி, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இங்கே, ஆபரேஷன் கோயம்புத்தூரில். வக்கீல் வந்தார், ஆறுதலாகப் பேசினார், வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார், மனுவும் போட்டார். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. கோர்ட்டில் மனு நம்பர் ஆகி வழக்காகப் பதிவானதோடு அவர் போன் எடுப்பது நின்றுபோனது.

குமாஸ்தா எடுப்பார். "சார் கோர்ட்ல இருக்கார்." "சார் மெட்ராஸ் போயிருக்கார்." "வாய்தாவுக்கு நீங்க வர வேண்டாம், தேவைப்பட்டா நாங்களே கூப்பிடுவோம்." அம்மா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான்தான் ஒருநாள் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மனுதாரர் ஆஜரில்லை, சாட்சியத்துக்குக் கடைசி வாய்ப்பு என்று இருந்தது. அந்தத் தேதியில் அம்மா எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார். வரச் சொல்லியிருந்தால் முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருப்பார்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. காலையில் குன்னூர், மதியம் ஊட்டி என்று ஓடுகிறீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அன்றைய வேலையே போச்சு. பாதி வளைவுகளில் சிக்னல் கிடையாது. உங்களிடம் வழக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு "எப்ப சார் பணம் வரும்" என்று கேட்பவர்களை எனக்கே தெரியும். அதனால் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுங்கள் என்று கேட்கவில்லை.

ஆனால் காயம்பட்டவரின் வழக்கில் நீங்கள் பேசாமல் இருந்தால் வழக்கே மெலிந்துபோகிறது. சொத்து வழக்கில் பத்திரம் பேசும். இங்கே பேச வேண்டியது அம்மாவின் கை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அம்மாவிடம் கேட்டால்தானே தெரியும்?

எங்கள் பக்கம் இப்போது விரலால் கிள்ளிப் பறிப்பதைவிடக் கத்தரி பிடித்து வெட்டுவதுதான் அதிகம். கத்தரியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வெட்டிய இலை அதோடு சேர்ந்த பையில் விழும். பை கனக்கக் கனக்க அந்தக் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். நிறைந்ததும் கையைத் திருப்பி மூட்டையில் கொட்ட வேண்டும். அம்மாவால் இன்றைக்கும் ரெண்டு இலை ஒரு மொட்டு கிள்ள முடியும். டாக்டர் முன்னால் விரலை மடக்கிக் காட்டச் சொன்னால் நன்றாகவே மடக்கிக் காட்டுவார். கத்தரியைத்தான் பிடிக்க முடியாது. கிலோ கணக்கில் கூலி வாங்கும் இடத்தில் கத்தரி பிடிக்க முடியாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: மருத்துவர் போடும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. தேயிலைக் கத்தரியை நீதிபதிக்குப் புரியவைக்க வேண்டியவர் நீங்கள். அம்மா எவ்வளவு வெட்டினார், என்ன கூலி வாங்கினார் என்று சாட்சி சொல்ல, அவருக்கு வேலை கொடுத்த தோட்டக்காரர் தயாராக இருக்கிறார். என்றைக்கு வர வேண்டும் என்று அவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்னிடம் பதில் இல்லை.

கடைசி வாய்ப்பும் போனால் என்ன ஆகும் என்பதை, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆஜராகவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். தாமதமானால் அதற்குத் தனியாக ஒரு மனு. ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981-லேயே உச்ச நீதிமன்றம் வக்கீல் வராததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், வழக்கு பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடுமாம். ஆனால் கடைசியில் இழப்பீட்டுக்கு வட்டி கணக்குப் போடும்போது, தள்ளுபடியாகிக் கிடந்த காலத்துக்கு வட்டி கிடையாது என்று தீர்ப்பில் எழுதுவது வழக்கம். அதாவது நீங்கள் போகாத வாய்தாவுக்கு அம்மா பணம் கட்டுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொன்னது. உங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் எப்படி வேலை செய்கிறார் என்பதில் கட்சிக்காரருக்குக் கணிசமான நேரடிக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது. இதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம கட்டுப்பாட்டுலயா? அவரா?" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார் என்பதால் அந்தத் தீர்ப்புக்கு என் நன்றி. நீங்களும் ஒருமுறை அந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நுகர்வோர் கோர்ட் கதவை எங்களுக்கு மூடிய வரி அது. மூடியதை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு இருப்பதாகச் சொன்ன அந்தக் கட்டுப்பாட்டில் கொஞ்சமாவது நிஜத்தில் இருக்க வேண்டாமா?

வக்கீலை மாற்றிக்கொள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். சின்ன ஊர்களில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பேரிடம் போனேன். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அண்ணன் கேஸ்மா அது, நான் எப்படித் தொடுறது? அவர்கிட்ட நோ அப்ஜெக்ஷன் வாங்கிட்டு வாங்க." வேறு வக்கீல் ஆஜராவதில் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தைப் போனே எடுக்காதவரிடம் எப்படி வாங்குவது? இந்திய பார் கவுன்சிலின் விதிகளிலேயே வழி இருக்கிறது: முந்தைய வக்கீலின் சம்மதம் கிடைக்காவிட்டால், காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியோடு ஆஜராகலாம். விதி இடம் கொடுத்தும் கூச்சம் தடுக்கிறது. சங்கத்தில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள், புரிகிறது. அந்தக் கூச்சத்தின் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

கேஸ் கட்டும் அப்படித்தான். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், எல்லாவற்றின் அசலும் அவரிடம். ஃபீஸ் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ல் தீர்ப்பு வந்தாகிவிட்டது. எங்கள் விஷயத்தில் பாக்கியும் இல்லை, ஏனென்றால் பேசியது "வர்றதுல இத்தனை சதவீதம்" என்று. இப்படிப் பேசுவதே விதிப்படி கூடாது. இருந்தாலும் அதைப் பெரிதாக்க எனக்கு மனமில்லை. முன்பணம் கொடுக்க முடியாத வீடுகள் வேறு எப்படி வக்கீல் வைப்பது? கேட்க வேண்டும்போல் இருப்பது ஒன்றுதான்: வருவதில் பங்கு உண்டு என்றால், வர வைக்கும் அவசரமும் உங்களுக்கு இருக்க வேண்டுமே, அது எங்கே போனது?

பார் கவுன்சிலில் புகார் கொடு என்பவர்களும் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவில் கொடுக்கலாம், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் அம்மாவின் வழக்கை யார் நடத்துவார்கள்? வக்கீலுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்து எங்களுக்கு ஆவதொன்றுமில்லை. மணிக்கட்டுக்கு உரிய இழப்பீடு வந்தால் போதும்.

நான் கேட்பது இவ்வளவே. ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: அடுத்த தேதி என்ன, அன்றைக்கு யார் வர வேண்டும், எதைக் கொண்டு வர வேண்டும். குமாஸ்தா அனுப்பினாலே போதும். நடத்த முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டோம். கட்டையும் நோ அப்ஜெக்ஷனையும் ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். உங்களில் இளையவர்கள் யாராவது, பெரியவர் கையில் தூங்கும் வழக்கை எடுக்கத் தயங்கினால், அந்த விதியை எடுத்து ஒருமுறை படியுங்கள்.

அம்மாவின் வக்கீலும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு என்பதால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்களின் உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்தேன், உடனே எடுத்தார்கள். வரும் வாய்தாவுக்கு அம்மாவும் தோட்டக்காரரும் நேரில் வருகிறார்கள். அதற்கு முன்னால் கட்டை உங்கள் குமாஸ்தாவிடம் கொடுத்து வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து மனுதாரர் ஒருவரின் மகள்