ஐந்தாண்டு அனுபவத்துக்கு யார் கையெழுத்திடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி வட்டாரத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒயரிங் வேலை செய்து வருபவன் நான். மின் கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் பெற்றவன். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன், மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி ஒரு மூலையில் ஐந்தாறு வரிகளில் வெளியாகியிருந்தது. அதை என்னிடம் வேலை பழகும் இளைஞன் ஒருவனிடம் காட்டியபோது கடைசி நாளுக்கு நான்கு நாட்களே மீதமிருந்தன. அந்த நான்கு நாட்களில் நடந்ததைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தேர்வுக்குக் கேட்கப்படும் தகுதிகள் கடுமையானவை அல்ல. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயதுக்கு உச்ச வரம்பு இல்லை, ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். நான் குறிப்பிடும் இளைஞனுக்கு வயது 26. பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஒன்பது ஆண்டுகளாக என்னோடு ஏணி தூக்கி, சுவர் வெட்டி, பைப் பதித்து, இன்று ஒரு வீட்டின் முழு ஒயரிங்கையும் தனியாக முடிக்கும் அளவுக்கு வளர்ந்தவன். அந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் நானே சாட்சி என்பதால், அனுபவச் சான்றை நானே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, என் சான்றிதழ் எண்ணையும் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் முத்திரையோடு வேண்டும் என்று சொல்லி அது திருப்பி அனுப்பப்பட்டது. என்னிடம் இருப்பது வேலை செய்வதற்கான சான்றிதழ். வேலையை ஒப்பந்தம் எடுப்பதற்கான உரிமம் என்னிடம் இல்லை. இரண்டும் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல என்றாலும், ஒருவன் வேலை கற்றானா என்று சொல்லும் தகுதி கற்றுக் கொடுத்தவனுக்குக்கூட இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் அவன் யாரோ சொன்னார்கள் என்று மலை இறங்கிப் போய், சமவெளியில் ஒருவரைப் பார்த்திருக்கிறான். முன்பின் அறியாத அந்த மனிதர், மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ஐந்தாண்டு அனுபவத்துக்கு முத்திரை வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தே எனக்கு போன் செய்து, "அண்ணா, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கடைசி நாள் கடந்துவிட்டது. நான் சொன்னது சரிதானா என்று எனக்கே இன்னும் முழுத் தெளிவு இல்லை. ஏனென்றால் அதே முத்திரையை அதே விலைக்கு வாங்கிக்கொண்டு, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைக்கூட அறியாத ஒருவர் அத்தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கக்கூடும்.

உரிமம், சான்றிதழ் என்ற ஏற்பாட்டையே தளர்த்த வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியாக இருந்து, பின்னர் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இடம்பெற்று, 2023 இல் அவை புதுப்பிக்கப்பட்டபோதும் தொடரும் ஏற்பாடு இது. மின் அமைப்பில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதையும் மாற்றுவதையும் பழுது பார்ப்பதையும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், அனுமதி பெற்ற பணியாளரே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றைக் கழற்றி அதே திறனுள்ள வேறொன்றைப் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அமைப்பின் திறனும் தன்மையும் மாறக் கூடாது என்பதுதான் அந்த விலக்கின் எல்லை. எங்கள் மலையில் பெரும்பாலான தவறுகள் நடப்பது அந்த எல்லையைத் தாண்டும் இடத்தில்தான்.

குளிர் தாங்காமல் ஒரு வீட்டில் கீசர் வாங்குகிறார்கள். கடைக்காரர் அனுப்பிய பையன் சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறான். பக்கத்தில் இருக்கும் லைட் போர்டிலிருந்து ஓர் ஒயரை இழுத்து பிளக் பாயிண்ட் கொடுத்துவிட்டு, "இது சும்மா ஒரு பாயிண்ட்தானே" என்கிறான். மூன்று கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குகளுக்காக ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரில் போடப்பட்ட சர்க்யூட் அதைத் தாங்க ஏற்பட்டதல்ல. இதற்கு மேல் ரூம் ஹீட்டரும் சேர்ந்தால், மரப்பலகை அடித்த பழைய வீடுகளில் ஒயர் சூடேறுவது கண்ணுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும். அந்த "ஒரு பாயிண்ட்" அமைப்பின் திறனை மாற்றும் வேலை; சான்றில்லாதவர் கை வைக்கக் கூடாத வேலை. வீட்டுக்காரருக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது.

இதைவிட அஞ்சத்தக்க வழக்கம் இன்னொன்று உண்டு. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்புக்குக் குழி தோண்ட இடமில்லை, தோண்டினால் இரண்டடியில் பாறை தட்டுகிறது என்று சொல்லி, பிளக்கின் எர்த் பின்னை மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். கீசர் வேலை செய்யும், டெஸ்டர் எரியாது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு மரம் சாய்ந்து லைனில் நியூட்ரல் அறுந்தால், அந்த நொடியில் கீசரின் இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரத்தரையில் நின்று குழாயைத் திறப்பவரின் கதி என்ன? மரம் விழுவது அபூர்வமாக நிகழும் ஊரில் இந்தத் தவறு பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கங்களில் ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது விழித்தே இருக்கிறது. பாறைப்பகுதியில் ஒரே குழியை நம்பாமல் மண்ணில் பதிக்கும் எர்த் கம்பிகளான எலெக்ட்ரோடுகள் இரண்டு மூன்றை இடைவெளி விட்டுப் பதித்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்பதையும், மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் மண் காயும் மாதங்களில் மோசமாகிவிடும் என்பதால் அப்போதும் அளந்து பார்க்க வேண்டும் என்பதையும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. குளியலறை சர்க்யூட்டுக்கு ஏன் வேண்டும் என்பதையும் படித்துத் தேர்வு எழுதியவருக்கும், பார்த்துப் பழகியதோடு நின்றுவிட்டவருக்கும் வேறுபாடு உண்டு. அதனால்தான் என் சீடன் தேர்வு எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். அவனுடைய கைக்குத் தெரிந்த பலவற்றின் காரணம் அவனுக்கு இன்னும் தெரியாது.

சான்றிதழால் இன்னொரு பயன் உண்டு என்பது பெரிதாகப் பேசப்படுவதில்லை. அது இல்லாதவனால் முதலாளியிடம் முடியாது என்று சொல்ல இயலாது. சீசன் தொடங்கும் முன் விடுதி ஒன்றில் எட்டு அறைகளுக்கு கீசர் பொருத்தும் வேலைக்குப் போயிருந்தேன். மெயினிலிருந்து தனி லைன் இழுத்தால்தான் செய்வேன் என்றேன். செலவு கூடும் என்று உரிமையாளர் என்னை அனுப்பிவிட்டு, சான்றிதழ் இல்லாத வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டார். அவன் கெட்டிக்காரன்தான், நான் சொன்னது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மறுத்துப் பேச அவனுக்கு எது பிடிமானம்? விளைநிலத்து வேலியில் நேராக மின்சாரம் கொடுக்கச் சொல்லும்போதும் கதை இதுதான். விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாயும் சோலார் வேலி யானையை விரட்டும். வீட்டு லைனை நேராகக் கொடுத்த வேலி யானையையும் கொல்லும், இருட்டில் அவ்வழியே வரும் மனிதரையும் கொல்லும். இழப்பதற்கு ஒரு சான்றிதழ் இருப்பவன் அந்த வேலைக்கு எளிதில் இணங்க மாட்டான்.

இவற்றோடு ஒரு சொல் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் ஊர் இளைஞர்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் பலர், "வாரியத்தில் பதிந்திருக்கிறேன்" என்று ஓர் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். அது கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரிய அட்டை. விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி பெற்றுத் தரும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒயரிங் செய்ய அது அனுமதி ஆகாது. இன்னும் சிலர் வாரியம் என்றால் மின்வாரியம் என்று நினைத்து, பிரிவு அலுவலகத்தில் போய் விண்ணப்பம் கேட்டுத் திரும்புகிறார்கள். சான்றிதழ் தருவது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வாரியம். மின் உரிமம் வழங்கும் வாரியம் என்ற பெயரில் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்குவது. அதன் பெயரையே கேள்விப்படாமல் பத்தாண்டுகளாகத் தொழில் செய்கிறவர்களை நான் அறிவேன். கோயில்களில் மின் பணியாளர் வேலைக்கு விளம்பரம் வரும்போது அந்த வாரியத்தின் 'எச்' சான்று, அதாவது கம்பியாள் உதவியாளர் சான்று, வேண்டும் என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் பலரும் அது என்னவென்று விசாரிக்கிறார்கள்.

1932 இல் பைக்காராவில் மின் நிலையம் இயங்கத் தொடங்கி, இம்மலையின் தண்ணீர் சமவெளிக்கு விளக்கேற்றியது. அதே மலையில் பிறந்தவர்கள் மின்சாரத்தைத் தொடுவதற்கான தாளைத் தரும் வாரியமோ, மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரசில் ஓர் இரவு பயணம் செய்யும் தொலைவில் இருக்கிறது. தொலைவைப் பற்றிய புலம்பல் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று, அதை நீட்டவில்லை. பந்தலூரிலிருந்து உதகைக்கு வந்து போவதே ஒரு முழு நாள் கூலியைத் தின்றுவிடும் என்பதை மட்டும் அதிகாரிகள் நினைவில் கொண்டு, குன்னூரிலும் கூடலூரிலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒவ்வொரு முறையும் இத்தேர்வு நடைபெறும் என்று உறுதியளித்தால் நன்று.

ஆனால் முதன்மையான சிக்கல் அனுபவச் சான்றுதான். மலையில் ஒப்பந்ததாரர் உரிமம் வைத்திருப்பவர்கள் சிலரே. வேலை கற்பவர்கள் பலர். கற்றுக் கொடுப்பவர்களோ பெரும்பாலும் என்னைப் போன்ற தனி ஒயர்மேன்கள். ஆகவே தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் கம்பியாளர் ஒருவர் தம் சான்றிதழ் எண்ணோடு எழுதித் தரும் அனுபவச் சான்றையும் ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன். பொய்ச் சான்று தந்தால் தந்தவரின் சான்றிதழையே ரத்து செய்யட்டும். அந்த அச்சம் மூவாயிரம் ரூபாய் முத்திரைக்கு இருப்பதாகத் தெரியவில்லை. இன்னும் எளிய வழி ஒன்றும் எனக்குத் தோன்றுகிறது. புதிய மின் இணைப்புக்காக ஒயரிங் முடிந்ததென்று ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டுத் தரும் சோதனை அறிக்கையில், அந்த வீட்டில் உண்மையில் வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுத இரண்டு வரி ஒதுக்கினால் போதும். ஐந்தாண்டுகளில் ஓர் இளைஞனின் அனுபவம் யாருடைய தயவும் இல்லாமல் அலுவலகக் கோப்பிலேயே பதிவாகிவிடும். வீட்டையே பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்திடுகிறவர்களுக்கு இது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

இப்படித் திறந்துவிட்டால் தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று என் நண்பரான ஒப்பந்ததாரர் ஒருவர் வாதிடுகிறார். அதற்குத்தானே செய்முறைத் தேர்வு இருக்கிறது? இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவி ஒன்றையும் ஒரு பலகையையும் கொடுத்து, இரு வழி சுவிட்ச் இணைத்து இன்சுலேஷன் அளந்து காட்டு என்றால், அரை மணி நேரத்தில் கை தானாகவே உண்மையைச் சொல்லிவிடும். காகிதத்தில் காட்டும் கண்டிப்பை அந்த அரை மணி நேரத்தில் காட்டினால் நானும் மகிழ்வேன்.

தங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தேர்வின் அறிவிப்பு வரும்போது, கடைசி நாளையும், என்னென்ன சான்றுகள் வேண்டும் என்பதையும், எந்த வாரியம் என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டு, நீலகிரிப் பதிப்பில் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன். எஸ்டேட் பகுதிகளில் தேநீர்க் கடைக்கு வரும் நாளிதழை மதியத்துக்கு மேல்தான் படிப்பார்கள். மூலையில் ஐந்து வரியாக வருவது வடை மடிக்கப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
தகுதிச் சான்றிதழ் பெற்ற மின் கம்பியாளர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.