குதிருக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைக்கு

ஆத்தா,

போனில் பேச்செடுத்தால் "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி பகலாய் நீ செய்த வேலையைப் பற்றி ஆபீஸில் எல்லார் முன்னாலும் பேசச் சொன்னார்களாம். நீ பக்கத்து சீட்டுப் பையனைப் பேசச் சொல்லிவிட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "நான் அதுக்கெல்லாம் லாயக்கில்லம்மா" என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அது உன் அப்பாவின் வார்த்தை. சோறு குழைந்தால் என்னைச் சொல்வார், நோட்டில் மை கொட்டினால் உன்னைச் சொல்வார். அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. அதை உன் குரலில் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இன்னொன்று. ஒளியக் கற்றுக்கொடுத்தது நான்தான். வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் உன்னை நெல் கொட்டி வைக்கும் குதிருக்குப் பின்னால் தள்ளி, "மூச்சுக் காட்டாதே, கண்ணுல பட்டுடாதே" என்பேன். உனக்கு எட்டு வயது. இருமல் வந்தால் பாவாடையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாய். உன்மேல் அடி விழாமல் காக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கண்ணில் பட்டால் அடி விழும் என்பதை உன் உடம்பு நன்றாகப் படித்துக்கொண்டது. மைக்கைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கிறது, தொண்டை அடைக்கிறது என்கிறாயே, அதைக் கோழைத்தனம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் சித்தி மகள் கல்யாணப் படத்தில்கூடத் தூணுக்குப் பின்னால் உன் பாதி முகம்தான் தெரிகிறது.

அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் இது எனக்குப் புரிந்தது. நாலு வயதுப் பையன் ஒருவன், யாராவது தட்டைக் கீழே போட்டால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுவான். ஒருநாள் முட்டை உரித்துக் கொடுக்கும்போது சொன்னான்: "நான் பால் சிந்துனேன் டீச்சர், அதான் அப்பா அம்மாவை அடிச்சாரு." அந்த வயதில் வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் என்று பிள்ளை நினைக்கும். அப்பா செய்வது தப்பு என்று நினைக்க அதற்குப் பயம். அவரை விட்டால் போக்கிடம் ஏது? நான்தான் கெட்ட பிள்ளை என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு நல்ல பிள்ளையாக இருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கையாவது இருக்கும். அவனை மடியில் வைத்து, "உன்னால இல்லடா சாமி" என்று சொன்னேன். சொல்லும்போது உன் ஞாபகம்தான். உன்னிடம் ஒரு ராத்திரிகூட நான் அதைச் சொன்னதில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, "சாப்பிட்டுப் படு" என்பேன். என்னை மன்னித்துவிடு ஆத்தா.

குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடி வாங்கிய பெண்ணுக்கு அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு என்று பின்னால் ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த 2006-ல் உனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதே யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று இருந்துவிட்டேன்.

நீ இருக்கும் பெங்களூரில்தான் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது மாதிரி ஒரு தடவை போய்ப் பார். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் பண்ணு. மனசு சங்கடத்தைப் பேசுவதற்கான அரசாங்க எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்ததும் மேடை ஏற வேண்டாம். நாலு பேர் இருக்கும் மீட்டிங்கில், இது நான் செய்தது என்று ஒரு வரி சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

அந்தக் குதிர் இப்போது இல்லை, எடைக்குப் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் உன் பழைய மேசையைப் போட்டிருக்கிறேன், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிறது. மறுபடி பேசக் கூப்பிட்டால் தேதியைச் சொல். திருச்சியில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவேன். உள்ளே விடமாட்டார்கள் என்றால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா