காத்தாடி நிற்கவில்லை

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள மோகன்,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கே இன்னும் பதில் போடவில்லை, திட்டாதே. வீட்டில் எல்லாரும் சுகம். என் முட்டியைப் பற்றி மட்டும் கேட்காதே.

இப்போது எழுத வைத்தது சரசு அக்கா வீடுதான். பேரப்பிள்ளை வருவதற்குள் வயரிங்கைப் பார்த்துக் கொடு என்று ஆயர் ஈத்தாமுக்குக் கூப்பிட்டார். போனால் கையில் பட்டியலே வைத்திருக்கிறார்: ஹாலில் மஞ்சளேறிய சுவிட்ச், சுவர்மேல் ஓடும் பழைய வயர், கீறல் விட்ட பிளக் பாயிண்ட். எல்லாம் முடிந்து நான் காப்பி குடிக்கும்போது, போகிறபோக்கில், "குளிக்கிறப்ப ஷவர் பைப்பைத் தொட்டா சுருக்குங்குது, ஈரம்தானே" என்கிறார்!

இங்கிலாந்தில் வீட்டு வயரிங்கைச் சோதித்து நீ எழுதும் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு குறைக்கும் எண் போடுவாயே: சி1 என்றால் இப்போதே ஆபத்து, சி2 என்றால் இன்னொன்றும் கெட்டால் ஆபத்து, சி3 என்றால் மாற்றினால் நல்லது. அக்காவின் மஞ்சள் சுவிட்சுக்கு நான் சி3கூடப் போட மாட்டேன். கீறல் விட்ட பாயிண்டில் உள்ளே இருக்கும் செம்பு விரலுக்கு எட்டவில்லை. மாற்ற வேண்டும், ஆனால் அன்றைக்கே ஓட வேண்டியதில்லை.

அப்புறம் வீட்டுக்குக் கரண்ட் பிரியும் டிபி பெட்டியைத் திறந்து, கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று லீவர் விழுந்தது. தலைக்கு மேலே காத்தாடி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இடி மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று எவனோ ஒரு மகராசன் அதைச் சுற்றி நேராக வயர் இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். பார்வைக்குப் புத்தம்புதுப் பெட்டி, வேலைக்கு வெறும் பொம்மை.

உனக்கு இது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எர்த்தும் சப்ளை கேபிளோடேயே வருகிறது. சாதனத்தின் உலோக உடம்பில் லைன் வயர் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி, அதிகக் கரண்டுக்கு விழும் எம்சிபி விழுந்துவிடும். இங்கே எர்த் என்பது நாமே மண்ணில் அடித்த தடிதான். அதன் தடை 20 ஓம் என்று வை. 230 வோல்ட்டுக்கு 11.5 ஆம்பியர்தான் ஓடும். ஷவர் ஹீட்டரின் 20 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. கசிந்த கரண்ட் அக்கா கைபோடும் பைப்பிலேயே காத்திருக்கும். அதனால்தான் இங்கே ஆர்சிசிபி போனால் எல்லாமே போன மாதிரி.

"ஆர்சிசிபி இல்லையா, சி2" என்பாய். தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் 'இன்னொன்றும் கெட்டால்' என்கிறாயே, அந்த இன்னொன்று குளியலறையில் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறதே? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சி1 இல்லாமல் வேறென்ன? தனித்தனி வரியாக எழுதித் தனித்தனி எண் போடுகிற உங்கள் பழக்கம்தான் எனக்குப் பிடிக்காதது. ஹீட்டர் லைனை அங்கேயே கழற்றிப் போட்டேன்.

ஒரு வாடகை வீட்டில் பிளாஸ்டிக் டிபி பெட்டிக்கு இன்னொருவன் சி2 போட்டான், நீ சி3 என்றாய் என்று எழுதினாயே, அந்த வீட்டுக்காரர் சண்டையில் மட்டும் நான் உன் கட்சி. படிக்கட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் பெட்டி, சூடேறிய அடையாளம் எதுவும் இல்லையென்றால் சி3தான். சி2 போட்டால் ரிப்போர்ட்டே 'திருப்தியில்லை' ஆகிவிடும், வீட்டை வாடகைக்கு விட்டவர் 28 நாளுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பிழைப்புக்காக எண்ணை ஏற்றுகிறவன் அங்கேயும் இருக்கிறான் போல.

இப்போது என் தலைவலி வேறு. சுற்றி இழுத்த வயரை எடுத்து ஆர்சிசிபியை மாற்ற வேண்டும், ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்சிசிபி தனியாக ஒன்று போட வேண்டும் என்றேன். அக்காவோ, "நாலு வருஷமா நல்லாத்தானே இருக்கு, சுவிட்சை மட்டும் மாத்திடு" என்கிறார். நான் காசுக்குச் சொல்கிறேனாம். வெள்ளைக்காரன் ஊரிலிருந்து நீ சொன்னால் கேட்பார். இந்தச் சனிக்கிழமைக்குள் அக்காவுக்கு ஒரு போன் போடு. அதுவரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவாய்.

உன்
செல்வம்