செயின்ட் ராக் கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கனடாவின் வான்கூவர் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கும், ஆர்க்டிக் கடலில் ஓடிய கனடியப் போலீஸின் செயின்ட் ராக் என்னும் மரக்கப்பலைப் பற்றிய தமிழ்க் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. எங்கள் வரைவை வரிவரியாகப் படித்துத் திருத்தியவர்கள் நீங்கள். யார் எதைத் திருத்தித் தந்தீர்கள் என்று சொல்லி நன்றி கூறுவதே முறை.

முதல் நன்றி தோணி கட்டும் தச்சரான தூத்துக்குடி ஓடாவி ஐயாவுக்கு. வரைவில் கப்பலின் அடிமரத்தைக் ‘கீல்’ என்று எழுதியிருந்தோம். தமிழில் கீல் என்றால் தார், தோணிக்காரர் காதில் அது தாராகத்தான் விழும் என்றார். அடிமரம் ஏரா, விலாச்சட்டம் வங்கு, முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்று தமிழிலேயே பெயர்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளைத் தண்ணீர் புகாமல் அடைக்கும் வேலை, பற்றிய பக்கம் முழுக்க அவருடையது. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளிவைத்து அடித்து, அதன்மேல் தாரேறிய சணல் நாரைத் திணித்து, கீல் காய்ச்சி ஊற்றுவார்கள். திரி தளர்ந்திருந்தால் தண்ணீர் கசியும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்துதான்: பலகை நீரில் ஊறி உப்பும்போது விரிய இடமில்லாமல் ஆணியையே வங்கிலிருந்து பிடுங்கிவிடும். கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல் விழும் ஓசை மாறுவதைக் கேட்டு நிறுத்தத் தெரிந்தவரே கலப்பத்துக்காரர்.

வான்கூவர் பக்கத்து மூத்த கப்பல் தச்சர் ஒருவர் பெரிய பிழையொன்றைத் தடுத்தார். 1928இல் வடக்கு வான்கூவரின் பரார்டு கப்பல் துறையில் கட்டிய இந்தக் கப்பலுக்கு உள்ளே டக்ளஸ் ஃபர் பலகை, வெளியே ஆஸ்திரேலியாவின் அயர்ன்பார்க் மரப் போர்வை. பனிக்கட்டி நெருக்கும்போது தாங்குவது அந்தப் போர்வைதான் என்று எழுதியிருந்தோம். அது தவறு. அயர்ன்பார்க் தேய்மானத்துக்கான தோல். இலையுதிர் காலத்தில் புதிதாக உறையும் பனி மெலிதாக இருந்தாலும் அதன் விளிம்பு ரம்பம் மாதிரி நீர்மட்டத்தில் மரத்தை அறுத்துக்கொண்டே போகும். ஃபர் மரம் அதற்குத் தாங்காது. அயர்ன்பார்க்கோ தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனமானது, முன்கூட்டித் துளையிடாமல் ஆணி இறங்காது. நெருக்குதலைத் தாங்குவது உள்ளே குறுக்கே போட்ட கனமான உத்தரங்களும் உடலின் உருண்டை வடிவமும்தான். துருவப் பயணி அமுன்ட்செனின் மாட் என்னும் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு டாம் ஹாலிடி வரைந்த வடிவம் அது. 104 அடி நீளம், ஏறக்குறைய 25 அடி அகலம். பனி இருபுறமும் நெருக்கினால் கப்பல் நசுங்குவதற்குப் பதில் மேலே எழும்பும். அந்த உருண்டை வயிற்றால்தான் திறந்த கடலில் அது ஓயாமல் உருண்டாடியது.

சரக்குப் பகுதியைப் படித்துத் திருத்திய ஓய்வுபெற்ற மாலுமிக்கும் நன்றி. வடகோடியில் இருந்த கனடியப் போலீஸ் நிலையங்களுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுபோவதே செயின்ட் ராக்கின் அன்றாட வேலை. கடைசியாக இறக்க வேண்டியது முதலில் ஏறவேண்டும். துறைமேடை கிடையாது, எல்லாம் சிறு படகில் கரை சேரவேண்டும். கோடை முடிந்தால் கப்பல் உறைந்துபோய், அதுவே ஒரு போலீஸ் நிலையமாகிவிடும்.

டீசல் மெக்கானிக் அண்ணனின் குறிப்பு, குளிர்கால வேலையின் உயிர்நாடி. எஞ்சினை நிறுத்தியதும் குளிர்விக்கும் நீரை முழுவதும் வடிக்கவேண்டும். பம்பிலும் குழாய் வளைவிலும் ஒரு கைப்பிடித் தண்ணீர் தங்கினால் போதும். உறையும் நீர் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும், வார்ப்பிரும்பு விரியாது, வெடித்துவிடும். 1940 ஜூனில் மேற்குக் கரையின் வான்கூவரை விட்ட கப்பல், ஆர்க்டிக் கடல் வழியாகக் கிழக்குக் கரையின் ஹாலிஃபாக்ஸ் சேர 28 மாதம் ஆனது. 1944இல் திரும்பி வர 86 நாள். இடையில் எஞ்சின் 150 குதிரைத்திறனிலிருந்து 300 ஆனது உண்மை, ஆனால் எல்லாப் பெருமையையும் எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள், வடக்கே லங்காஸ்டர் நீரிணை வழியாகப் போன பாதையே வேறு என்று அவர் நினைவூட்டினார். கேப்டன் ஹென்றி லார்சனின் பெயர் எங்கும் இருக்கிறது, 1942 பிப்ரவரியில் பாஸ்லி விரிகுடாவில் மாரடைப்பால் இறந்த கப்பல் பணியாளர் ஆல்பர்ட் சார்ட்ரண்டின் பெயரும் ஒரு பக்கத்தில் தனியாக வரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வந்திருக்கிறது.

ஆர்க்டிக் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்களின் பெயர்களின் உச்சரிப்பைச் சரிபார்த்துத் தந்த அம்மாவுக்கு நன்றி. 1944 பயணத்தில் பாண்ட் இன்லெட்டில் ஏறிய ஜோ பனிபகுட்டுக்கின் குடும்பம் சரக்கறை மூடியின் மேல் கூடாரம் போட்டுக்கொண்டு ஹெர்ஷல் தீவு வரை வந்தது. வழிகாட்டியும் வேட்டைக்காரரும் அவரே. இனுயிட் பெண்களின் தையல் இல்லாமல் அந்தக் குளிரில் யாரும் வேலை செய்திருக்க முடியாது: கரிபூ மான் தோலில் இரண்டு அடுக்கு, உள்ளுடையின் மயிர் உடம்பை நோக்கி, மேலுடையின் மயிர் வெளியே. சீல் தோல் காலணியைத் தசைநார் நூலால் தைப்பார்கள். நனைந்தால் நூல் உப்பி ஊசித்துளையை அடைத்துவிடும். ஓடாவி ஐயா இதைக் கேட்டதும் ‘அதுவும் கலப்பத்துதான்’ என்றார். படத்தின் கீழே அந்தச் சொற்களையே போட்டிருக்கிறோம்.

கடைசியாக, பழைய மரக்கலங்களைப் பேணும் அம்மையாருக்கு. 1958இல் கரையேறி, 1966இல் கூரைக்குக் கீழ் வந்த கப்பல் இது. கடல்நீர் பூஞ்சையைத் தடுக்கும், மழைநீர் அதை வளர்க்கும். காய்ந்த பலகை சுருங்கினால் கலப்பத்து தளர்ந்து தொங்கும். உளுப்பு முதலில் கண்ணுக்குப் படும் பக்கத்தில் வராது. பலகை வங்கோடு ஒட்டிக் காற்றுப் புகாத இடத்திலும் இரும்பு போல்ட்டைச் சுற்றியும்தான் தொடங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், உளுத்தது மொத்தென்னும். சந்தேகம் வந்த இடத்தில் மெல்லிய குத்தூசியை இறக்கிப் பார்ப்பார்கள். எங்கெங்கே குத்திப் பார்க்கவேண்டும் என்று அவர் பென்சிலால் குறித்துத் தந்த குறுக்குவெட்டுப் படத்தைத் திருத்தாமல் அப்படியே பின்னட்டையின் உள்பக்கத்தில் சேர்த்துள்ளோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்