கிளாரிந்தா கதையில் விடுபட்ட 'மாட்டேன்'

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த கிளாரிந்தா கட்டுரையைப் படித்தேன். உடன்கட்டை ஏற இருந்த தஞ்சாவூர்ப் பிராமண விதவையை ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டன் மீட்டார், காதலித்தார், அவள் கிறிஸ்தவளாகிப் பாளையங்கோட்டையில் கோவில் கட்டினாள் என்று நாலே பத்தியில் கரையேற்றிவிட்டீர்கள். நடுவில் ஒரு 'மாட்டேன்' உண்டு. அதைக் காணோம்.

அதிகாரியோடு வாழ்ந்தபோதே அந்தம்மாள் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறாய், தர முடியாது என்றார் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். கட்டிக்கொள்வதாக அந்த அதிகாரி சொல்லியிருந்ததையும் ஐயரே எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலமும் வேதமும் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு மோதிரம் போட மட்டும் நேரம் வரவில்லை. அந்த அதிகாரி கண்ணை மூடிய பிறகு, 1778ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் மொத்தம் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது.

இதை நாவலாக்கியவர் பெருங்குளத்துப் பிராமணர் அ. மாதவையா. உப்பு இலாகா உத்தியோகஸ்தர். 1915ல் ஆங்கிலத்தில் எழுதினார். எங்கள் சபையார் யாராவது எழுதியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்து, கீர்த்தனை பாடி முடித்திருப்பார்கள்!

நான் வளர்ந்த கிராமத்துக் கோவிலில் கருப்பட்டி விற்கிற ஒரு அம்மா வருவாள். அவள் சேர்ந்திருந்த ஆளுக்கு வேறு ஊரில் மனைவி இருந்தாள். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து அன்று எல்லாரும் எழுந்து முன்னால் போக, அவள் மட்டும் பின்தூண் பக்கத்துப் பாயில் முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பந்தியிலிருந்து திரும்புகிற என் ஆச்சி, முன்வரிசையில் தன் இடம் இருக்க, நேரே போய் அவள் பக்கத்தில் உட்காருவாள். பேச்சுக் கிடையாது. அந்த ஆள் இறந்த வருஷமே அவளுக்குத் திருவிருந்து கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, பாப்பாத்தியம்மாளுக்கும் இவளுக்கும் ஒரே ஞாயந்தான். ஆள் சாகணும், அப்பந்தான் கதவு தொறக்கும்."

கிளாரிந்தா கட்டிய கோவிலைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். மீட்பு என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தீர்களே, யார் யாரை மீட்டது? சிதையிலிருந்து தூக்கியதை மட்டும் சொல்கிறீர்கள் என்றால், 'மாட்டேன்' என்ற வாயிடமே மறுபடியும் போய்க் கேட்டாளே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்னொன்று. கோவில் பிரதிஷ்டை ஆனது 1785ல். நீங்கள் 1758 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அப்போது சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைப் பக்கமே வந்ததில்லை. அடுத்த வாரமாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை