விடுமுறையின் கடைசி இரண்டு நாளும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை முடிய இரண்டே நாள் இருந்தது. பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி கடலில் பிள்ளைகள் ஆசைதீரக் குளித்தாகிவிட்டது. வழக்கமாக அத்தோடு மூட்டை கட்டிக் கோலாலம்பூர் திரும்பிவிடுவோம். சீருடை தேய்ப்பதும் புத்தகத்துக்கு அட்டை போடுவதுமாகக் கடைசி நாட்கள் கரைந்துவிடும். இந்த முறை அப்படிச் செய்யாமல் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை ஒட்டி ஒரு சிறிய விடுதியில் தங்கினோம்.

காரணம் என் பாட்டி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். அந்தப் பயணத்தைப் பற்றி ஒருநாளாவது உட்கார்ந்து அவரிடம் கேட்டேனா என்றால் இல்லை. வழி முழுக்க வாந்தி எடுத்ததும், கரைக்கு விடுமுன் ஒரு தீவில் அடைத்து வைத்ததும் மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தத் தீவு ஜெரெஜாக் என்று பின்னால்தான் புரிந்தது. கப்பலில் வந்தவர்களை நோய்ப் பயத்தால் தனிமைப்படுத்தி வைத்த முகாம் அங்கேதான் இருந்தது.

முதல் நாள் காலை பசியாறிவிட்டு பெங்காலான் வெல்ட் என்ற கரையோரச் சாலை வழியாக நடந்தோம். 'காட் லெபோ சூலியா' என்ற தெருப்பலகையைப் பார்த்து, லெபோ என்றால் மலாயில் தெரு, காட் என்றால் என்ன என்று மகன் கேட்டான். காசியில் படித்துறையைக் காட் என்கிறார்களே, அதே சொல்தான். இந்தத் தெருக்கள் ஒரு காலத்தில் கடலோரத்தில் முடிந்தவை. பிறகு கடலைத் தூர்த்து நீட்டிய துண்டுக்குக் காட் என்று பெயர். சூலியா என்பதோ தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு இருந்த பெயர். ஒரே பலகையில் இரண்டு சொல்லும் நம் பக்கத்திலிருந்து வந்தவை என்றதும் அவன் அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச தூரத்தில், இன்று சுங்கத்துறை இருக்கும் மணிக்கூண்டுக் கட்டடம். 1909இல் ரயில் நிலையமாகக் கட்டியது, ஆனால் தண்டவாளம் கிடையாது. டிக்கெட்டை இங்கே வாங்கி, படகில் அக்கரை போய் ரயில் ஏற வேண்டும். பாட்டியும் இந்த வழியாகத்தான் தோட்டத்துக்குப் போனாரோ என்னவோ.

மாலையில் லெபோ குவீனில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அப்புறம் லெபோ சூலியாவில் நாகூர் தர்கா. இரண்டும் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். கடல் தாண்டி வந்தவர்கள் நன்றி சொல்ல அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை என்று அங்கே நின்றபோது தோன்றியது, கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ரயில் பிடிக்க ஃபெரியில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் திரும்பினோம். பழைய பெரிய ஃபெரிகளில் கார் ஏற்றுவது 2020ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது ஓடுபவை ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகின்றன. நடுக்கடலில் மகள் கரையைக் காட்டி, "கொள்ளுப் பாட்டி எந்த இடத்துல இறங்குனாங்கப்பா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் நடந்த வழியில், இங்கே இன்ன கப்பல் வந்தது, இத்தனை தமிழர்கள் இறங்கினார்கள் என்று தமிழில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

பலகை வைப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது, செய்ய வேண்டும். ஆனால் உங்களால் உடனே முடிகிற ஒன்று உண்டு. எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும்வரை சென்னைக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஓடியது. அதில் வந்தவர்களும், ரஜூலாவில் குழந்தையாக வந்தவர்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தத் துறை, கையில் என்ன கொண்டுவந்தார்கள், இறங்கியதும் யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். ஞாயிறு பதிப்பில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கித் தாருங்கள் ஐயா. காத்திருக்க நேரமில்லை. என் வீட்டில் நான் ஏற்கெனவே தவறவிட்டேன்.

பாட்டியின் பழைய கடப்பிதழ் பெரிய அத்தை வீட்டு இரும்புப் பெட்டியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வருகிற சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். இறங்கிய தேதி அதில் தெளிவாக இருந்தால் முதல் கடிதம் என்னுடையதாக வரும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.