செயல்திட்டத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். பள்ளிக்கூட ப்ராஜெக்ட், அதாவது செயல்திட்டம், எங்கே, எப்படித் தயாராகிறது என்பதை அன்றாடம் கண்ணால் பார்க்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்கு மேல்தான் கூட்டம் வரும். "நாளைக்குக் காலைல குடுக்கணுமாம், சோலார் சிஸ்டம் இருக்கா?" என்று அம்மாவோ அப்பாவோ வந்து நிற்பார்கள். தெர்மாகோல் பந்து, சார்ட், கலர் பிரிண்ட் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். மழைநீர் சேகரிப்பு, எரிமலை, காற்றாலை என்று வருடா வருடம் அதே தலைப்புகள்தான். பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். பாதி நேரம் பிள்ளை வருவதே இல்லை.

போன வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக வந்தான். "அங்கிள், கேரம் போர்டு சைஸுக்கு ட்ரேசிங் பேப்பர் இருக்கா?" என்றான். எதற்கு என்று கேட்டேன். கையில் இருந்த நாற்பது பக்க நோட்டைப் பிரித்துக் காட்டினான்.

அவன் தெருமுனையில் ஒரு கேரம் மன்றம் இருக்கிறது. பெரியவர்கள் ஆடி முடித்துக் கிளம்பியதும் போர்டில் போரிக் பவுடரைக் கொஞ்சம் கனமாகத் தூவுவானாம். ஸ்ட்ரைக்கர் போன வழி பவுடரில் கோடாக விழும். அந்தக் கோட்டின் மேல் கோணமானியை வைத்து, சட்டத்தில் பட்டது எத்தனை டிகிரி, திரும்பியது எத்தனை டிகிரி என்று எழுதியிருந்தான். நாற்பது அடிகளுக்கு மேல் இருக்கும். மெதுவாக அடித்தது ஒரு பக்கம், ஓங்கி அடித்தது ஒரு பக்கம். கடைசியில் பென்சிலில் ஒரு கேள்வி: "கண்ணாடில ஒளி பட்டா ரெண்டு கோணமும் சமம்னு புக்ல இருக்கு. ஸ்ட்ரைக்கருக்கு மட்டும் ஏன் ரெண்டு மூணு டிகிரி தள்ளிப் போவுது?"

மரச்சட்டம் வேகத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறது, உரசலும் சுழற்சியும் சேர்கின்றன, ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வி வரை தானாக வந்து நின்றவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பீரியடு போதாதா?

ட்ரேசிங் பேப்பர் நான்கு ஷீட்டை ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். வகுப்புக்கே ஒரே தலைப்பு, எல்லாரும் எரிமலை செய்து வர வேண்டும், கேரம் எல்லாம் பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். 280 ரூபாய்க்கு எரிமலை மாதிரி வாங்கிக்கொண்டு போனார். ஆப்ப சோடாவும் வினிகரும் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரி கடையைச் சாத்தும்போது மனசே சரியில்லை.

கேரம் எங்கள் பக்கத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை. வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்ஸில் உலகச் சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். இந்த ஊரில் ஒரு பிள்ளை கேரம் போர்டில் இயற்பியலைத் தேடினால் அதைவிடப் பொருத்தமான ப்ராஜெக்ட் வேறு என்ன இருக்கிறது?

நம் ஊருக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. பிள்ளை தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டில் 2003இல் முதலில் வந்ததே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான். என் மூத்த மகள் அதில் படித்தவள். சுவரோரம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஓர் இடம், பாட வரிசையைக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்த்துத் தன் அடுத்த பாட அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். "இன்னைக்கு நாலு அட்டை முடிச்சேம்ப்பா" என்று ஓடி வருவாள். நான் முடித்தேன் என்கிற அந்தச் சொல்லை எரிமலை வாங்கிப் போகும் பிள்ளைகளிடம் நான் கேட்டதில்லை.

பி.எட். படிக்கிறவர்கள் வருடம் தவறாமல் என்னிடம் நோட்ஸ் நகலெடுக்க வருகிறார்கள். மெஷின் ஓடும்போது படிப்பேன். 1918இல் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கர் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதியபோது, பிள்ளை தன் நோக்கத்தோடு, முழு மனதோடு இறங்கிச் செய்வதைத்தான் ப்ராஜெக்ட் என்றாராம். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் எல்லாரும் ஆசிரியர் ஆகிறார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகள், எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவு, அடுக்கடுக்காகப் பயிற்சிகள். ஒரே தலைப்பு என்றால் திருத்துவது சுலபம் என்று எனக்கும் புரிகிறது. ஆனால் 2012-13இல் முப்பருவ முறையோடு, பருவத் தேர்வு போக வகுப்பில் செய்வதைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியது பிள்ளை செய்வதைப் பார்க்கத்தானே? என் கடைச் சரக்கைப் பார்க்க இல்லையே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பருவத்துக்கு ஒரு செயல்திட்டமாவது பிள்ளை சொல்லும் தலைப்பில் இருக்கட்டும். அதைப் பள்ளியிலேயே, வாரம் ஒரு பீரியடில் செய்யட்டும். வீட்டுக்கு அனுப்பினால் அது அம்மாவின் வேலையாகிவிடுகிறது, மறுநாள் அவர் கூலி வேலைக்கும் போக வேண்டும். சார்ட்டின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது, எங்கே தப்பாகப் போய் எப்படித் திருத்தினான் என்று பார்க்கட்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் உடனே தலைப்பு வந்துவிடாது, உண்மைதான். அப்போது வீட்டைப் பற்றிக் கேட்டாலே போதும். காசிமேட்டுப் பிள்ளைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நிற்கும்போது ஏலக்கூடத்துக்கு எந்த மீன் வருகிறது, சங்கரா என்ன விலை, வஞ்சிரம் என்ன விலை, படகு மறுபடி கடலில் இறங்கிய முதல் வாரம் எவ்வளவு குறைந்தது என்று எழுதினால் கணக்கும் உயிரியலும் பொருளாதாரமும் ஒரே நோட்டில் இருக்கும். பூ கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு முழத்துக்கு எத்தனை முடிச்சு என்பதில் தொடங்கலாம்.

இப்படி நடந்தால் எங்களைப் போன்ற கடைகளில் எரிமலை விற்காது. பரவாயில்லை, கிராப் நோட்டும் கோணமானியும் விற்றுக்கொள்கிறேன்.

அந்தப் பையனிடம் கேட்டுவிட்டு, அவன் நோட்டில் மூன்று பக்கம் நகலெடுத்து வைத்திருக்கிறேன். பெயர் இல்லை, கோணங்களும் அந்தக் கேள்வியும் மட்டும்தான். எந்த ஆசிரியராவது பார்க்க விரும்பினால் கடைக்கு வரலாம். ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.